இங்கிலாந்து கிராமங்களில் நம் ஊராட்சி மாதிரி ஏதாவது உண்டா? இந்தியர்கள் அதில் சேர முடியுமா?

உண்டு, பாரிஷ் கவுன்சில் என்பார்கள். சேரவும் முடியும், இந்தியப் பாஸ்போர்ட்டோடு நானே உறுப்பினர்தான். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் முறையான விசாவில் இருக்கும் நமக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு இருக்கிறது. நிற்பதற்குத்தான் ஐ.எல்.ஆர்., அதாவது காலவரம்பில்லாமல் தங்கும் அனுமதி, வேண்டும். நீங்கள் வேலை விசாவில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இப்போதைக்கு ஓட்டு மட்டும்.

"2021-ல் இணையமே சிரித்ததே, ஹாண்ட்ஃபோர்த் ஊர் பாரிஷ் கவுன்சில்காரர்களின் ஜூம் சண்டை, அதுதானே?" என்று யாராவது கிளம்புவீர்கள். அதேதான். ஒரு வீடியோவை வைத்து எல்லாரையும் எடை போடாதீர்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. எங்கள் கூட்டத்தில் டீகூடக் கிடையாது.

பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர். முன்பு அதை ஆண்டது வெஸ்ட்ரி எனப்படும் தேவாலயத்து ஊர்க்கூட்டம். 1601 சட்டப்படி வரி வசூலித்து ஏழைகளுக்குப் படியளந்ததும் பாரிஷ்தான். சும்மா அளக்கவில்லை. உதவி வாங்குகிறவர் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' (பாப்பர், அதாவது பரம ஏழை) என்ற எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் தைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று 1697-ல் சட்டமே போட்டார்கள்.

1894-ல்தான் சாமி காரியத்தையும் ஊர்க் காரியத்தையும் பிரித்தார்கள். அதுவும் முழுசாகப் பிரியவில்லை. இடமில்லாமல் மூடப்பட்ட கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கச் சொல்லித் தேவாலயம் எழுதிக் கொடுத்தால், 1972 சட்டப்படி அது கவுன்சிலின் தலையில் விழும். மூன்று மாதத்துக்குள் மாவட்டக் கவுன்சிலிடம் தள்ளிவிடலாம். எங்களுக்கு முன்பிருந்தவர்கள் தள்ளவில்லை. அதனால் பாதிக் கூட்டம், தெருப்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்தத் தோட்டத்துக் கல்மதிலைப் பற்றியே ஓடும். படர்ந்திருக்கும் கொடியைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும், விட்டால் வேர் பிளக்கும். மலிவு என்று சிமெண்ட் பூசப் பார்த்தார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பழைய கல்லை உதிர்த்துவிடும், சுண்ணாம்புக் காரைதான் சரி என்று மல்லுக்கட்டி ஜெயித்தேன். பெருமைதான், மறைக்கவில்லை. "சர்ச்சுக்கு மதில் கட்டவா போனாய்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அந்தக் கல் விழுந்தால் பள்ளிக்கூடம் போகும் என் பிள்ளை தலையிலும்தான் விழும்.

சாலைக் குழிக்கு எங்களைத் திட்டாதீர்கள், அது எங்களுக்கு மேலே இருக்கும் கவுன்டி கவுன்சில் வேலை. வீடு கட்டும் அனுமதியிலும் கருத்துதான் சொல்லலாம். எங்கள் பங்கு வரியைக் கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரியோடு சேர்த்து மாவட்டக் கவுன்சில் வசூலித்துத் தரும். சின்னத் தொகைதான், ஆனாலும் வருஷத்துக்கு 30 வேலை நாள் எந்த வாக்காளர் வந்து கேட்டாலும் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். பொங்கல் வசூலுக்கு நான் கணக்குக் கேட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.