கொலை வழக்கில் ஜாமீன்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அமர்வு நீதிபதியின் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடைப் பகுதியில் இருக்கிறது. சென்ற ஆண்டு சம்பா நடவின்போது மதகுப் பலகையைத் தூக்கியது யார் என்று எழுந்த தகராறில் என் தம்பியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். மூவர் கைதானார்கள். உடன் நின்ற இருவருக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அடித்தவருக்கு அங்கே மனு தள்ளுபடியாகி, 76ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. திருச்சியில் தங்கித் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் திருச்சியில்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய அண்ணன் மாலையில் எங்கள் தெருமுனையில் வந்து நின்றுகொண்டு, சாட்சி சொல்லப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். அவர்களில் இருவர் அந்தக் குடும்பத்தின் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். கொலைக்கே ஜாமீன் என்றால் வழக்கு முடிந்த மாதிரிதான் என்று ஊரில் பேசுகிறார்கள். உண்மைதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, வழக்கு முடியவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்ற கேள்விக்குள் ஜாமீன் உத்தரவு நுழைவதே இல்லை. விசாரணை நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பு எழுதும்போது அந்த உத்தரவில் உள்ள ஒரு வரியையும் ஆதாரமாகக் கொள்ளாது. ஜாமீன் வழங்கும் நீதிபதியும் சாட்சியங்களை அலசி ஆராய்ந்து முடிவு சொல்லக் கூடாது என்பது 1980 முதலே உச்ச நீதிமன்றம் வலியுறுத்திவரும் நெறி. அதே சமயம், ஏன் கொடுத்தேன் என்பதற்குச் சுருக்கமான காரணமாவது உத்தரவில் இருந்தாக வேண்டும்; காரணமே இல்லாத உத்தரவு மேல்முறையீட்டில் நிற்பதில்லை.

கொலைக்கு ஜாமீனே கிடையாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. ஆகவே குற்றவியல் நடுவர் அநேகமாக மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார். குழந்தை, பெண், நோயாளி, உடல் தளர்ந்தவர் ஆகியோருக்கு மட்டும், ஜாமீன் உள்ளிட்ட நடைமுறைகளை வகுக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆவது பிரிவு அவருக்குச் சிறிது இடம் தருகிறது. அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அதே சட்டத்தின் 483ஆவது பிரிவு தரும் அதிகாரத்தில் அந்தக் கட்டு இல்லை. சொல்லப்போனால், 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் பெறுவதுதான் அதைவிடக் கடினம்: அவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான அடிப்படை இருப்பதாக நீதிபதி மனநிறைவு அடைந்தாக வேண்டும் என்று போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவு கூறுகிறது. கொலை வழக்கில் அத்தகைய தடை எதுவும் எழுதப்படவில்லை. இது எனக்கும் சில நாட்களில் வியப்பாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் நீதிபதி எதைப் பார்க்கிறார்? குற்றம் நடந்ததாக நம்ப முகாந்திரம் உண்டா, அதன் கடுமை என்ன, வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, முன்பு அவர்மீது வழக்குகள் உண்டா என்பவற்றை 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தொகுத்துச் சொன்னது. இவற்றுடன் ஒவ்வொருவருடைய பங்கும் தனித்தனியாக எடைபோடப்படும். உங்கள் வழக்கில் உடன் நின்ற இருவர் முன்னதாக வெளியே வந்ததும் அடித்தவருக்கு அமர்வு நீதிமன்றம் மறுத்ததும் அதனால்தான். திட்டமிட்டு அரிவாளோடு காத்திருந்து வெட்டியதற்கும், மடையில் நின்றபடி வாய்ச்சண்டை முற்றிக் கையில் இருந்த மண்வெட்டியை ஓங்கியதற்கும் உள்ள வேறுபாடும் நீதிபதியின் மனத்தில் ஓடும். அது கொலையா, கொலை ஆகாத மரணமா என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது; இருந்தாலும் ஜாமீன் கட்டத்தில் அந்த ஐயம் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமாக ஓரளவு வேலை செய்யும்.

இவற்றுள் நம் டெல்டாவில் மிகவும் சிக்கலானது எது என்று கேட்டால், தலைமறைவும் சாட்சிக் கலைப்பும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதுதான் என்பேன். எதிரிக்கு ஊரில் இரண்டு வேலி நிலம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, களத்தில் நெல் கிடக்கிறது, ஆகவே ஓட மாட்டார் என்று அவருடைய வழக்கறிஞர் வாதிடுவார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இரண்டு வேலியில்தான் சாட்சி நாற்றுப் பறிக்கிறார், அந்த வீட்டில்தான் சாட்சியின் மனைவி அவசரத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ஓடாமல் பிடித்துவைக்கும் அதே வேர் சாட்சியின் காலையும் சுற்றியிருக்கிறது. நான் பணியில் இருந்தபோது, நிலபுலன் உள்ளவர் என்ற ஒரே காரணத்தை அதிகம் நம்பி ஒருவரை விடுவித்தேன். அவர் ஒரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்தார். விசாரணையில் நேரில் கண்ட சாட்சிகள் மூவரும் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சிகளாக மாறினார்கள். அதன்பிறகு எந்த ஜாமீன் மனுவைக் கையில் எடுத்தாலும், சாட்சிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்காமல் நான் உத்தரவு எழுதியதில்லை. பல நாட்களில் அவரிடம் பதில் இருக்காது. காவல் நிலையத்திலிருந்து வரும் ஆட்சேபணை அறிக்கையில் ‘சாட்சிகளைக் கலைக்கக்கூடும்’ என்ற ஒரே வாக்கியம் எல்லா வழக்குகளுக்கும் அச்சடித்தாற்போல் இருக்கும்.

திருச்சியில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த இழுபறிக்குக் கண்ட வழி. எதிரியை ஊரைவிட்டு நகர்த்துகிறது, அண்ணனை நகர்த்தாது. ஆனால் எதிரிக்காக வேறொருவர் சாட்சிகளை மிரட்டுவதையும் ஜாமீனை ரத்து செய்யக் கோருவதற்குக் காரணமாகக் காட்டலாம். உத்தரவே தவறு என்று உச்ச நீதிமன்றம் செல்வது ஒரு வழி. ஜாமீனுக்குப் பின் நடந்தவற்றைக் காட்டி 483ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்கீழ் ரத்து கோருவது இன்னொரு வழி. உங்களுக்கு உகந்தது இரண்டாவது. கொடுத்த விடுதலையைப் பறிக்க வலுவான காரணம் வேண்டும் என்று 1995 முதல் நீதிமன்றங்கள் சொல்லிவருவதால், ‘மிரட்டுகிறார்கள்’ என்ற பொதுப்படையான சொல் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம், என்ன வார்த்தை சொன்னார், அருகில் இருந்தவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதுங்கள். அதை வைத்துக் காவல் ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீது வாங்குங்கள். அதன் நகலை அரசு வழக்கறிஞரிடம் சேருங்கள். மனு விசாரணைக்கு வரும்போது உங்களையும் கேட்க வேண்டும் என்று கோரும் உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்டு என்பதை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் வருவதானால், அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவே ஜாமீன் மனு குறித்து உங்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது.

கூலி வேலை செய்யும் அந்த இரு சாட்சிகளுக்காக இன்னொன்றும் செய்யலாம். 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம். தேவையைப் பொறுத்துக் காவலர் ரோந்து முதல் தற்காலிக இடமாற்றம் வரை அதில் வகை உண்டு. அவர்கள் பிழைப்பை நினைத்துத் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்த வேண்டாம், இப்படி ஒரு வழி இருப்பதை மட்டும் அவர்கள் காதில் போடுங்கள்.

கேள்வி: என் கணவர் கொலை முயற்சி வழக்கில் திருச்சி மத்தியச் சிறையில் இருக்கிறார். ஜாமீன் கிடைத்து 19 நாட்கள் ஆகின்றன. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், சொத்து ஆவணம் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் குடியிருப்பது கோயில் மனை; சாகுபடி செய்வதும் கோயில் நிலக் குத்தகை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான்.
— வாசகி, திருவையாறு வட்டம்

பதில்: கோயில், மடங்களின் நிலத்தை மூன்று தலைமுறையாக உழுதும் கையில் பட்டா இல்லாதவர்கள் காவிரிக் கரை ஊர்களில் ஏராளம். ஜாமீன்தாரர் என்றால் பட்டாதாரர் என்று பொருள் கொள்வது அவர்களை உள்ளேயே வைத்திருக்கும். 1978இல் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் பிணை கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்துள்ள அண்ணனையும் ஏற்க மறுத்த உத்தரவை நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு கடுமையாகக் கண்டித்தது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவான வழிகாட்டுதல்களை வழங்கியது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க இயலாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

நீங்கள் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பெண் என்ற முறையில் உங்களுக்கும், காவலில் இருப்பவர் என்ற முறையில் உங்கள் கணவருக்கும், வருமான வரம்பு இன்றி இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம். குத்தகை ரசீது, குடும்ப அட்டை, மனை வாடகை ரசீது ஆகியவற்றை இணைத்து, சொத்து ஆவணத்துக்குப் பதிலாக உறவினர் ஒருவரின் உறுதியை ஏற்குமாறு தளர்வு மனு போடச் சொல்லுங்கள். வளாகத்துக்கு வெளியே ‘ஆள் பிடித்துத் தருகிறேன்’ என்று வருகிறவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். போலி ஆவணத்தோடு ஜாமீன்தாரர் பிடிபட்டால் உங்கள் கணவர்மீது புதிய வழக்கும் சேரும்.

கேள்வி: குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் 90ஆம் நாள் தானாகவே விடுதலையா?
— சட்டக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: தானாக அல்ல, கேட்டால்தான். மரணம், ஆயுள், பத்தாண்டுக்குக் குறையாத சிறை ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களுக்கு 90 நாட்கள், மற்றவற்றுக்கு 60. முதல் ரிமாண்டு நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் முடிவானது. கெடு முடிந்து, குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டுப் பிணை தரத் தயார் என்று சொல்லிவிட்டால், அன்று மாலையே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. மனு போடாமல் ஒரு நாள் தாமதித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு, நம் மதுரை மாவட்டத்திலிருந்து போனதுதான்.

கேள்வி: வலங்கைமானில் நடந்த வழக்குக்கு மதுரைக் கிளையில் மனு போடலாமா? கும்பகோணத்தில் உள்ள எங்கள் வழக்கறிஞர் அங்கேதான் போவாராம்.
— வாசகர், வலங்கைமான்

பதில்: முடியாது. தஞ்சாவூரும் திருச்சியும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருபவை; திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னையில் உள்ள முதன்மை அமர்வைச் சேர்ந்தவை. கும்பகோணம் உங்களுக்குக் கூப்பிடு தொலைவாக இருக்கலாம்; ஆனால் வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். ரயிலுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.