வெளிநாட்டுப் பயணத்தில் எதிர்பாராத சுற்றுலாக் கட்டணம் கேட்டு எரிச்சலானது உண்டா?

உண்டு. அதிலும் கீழக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு எரிச்சல் இரட்டிப்பு. நாங்கள் தனியாகப் போவதே இல்லை. மலேசியாவில் ஒரு கல்யாணம் என்றால் உம்மா, மாமி, லாத்தா பிள்ளைகள் என்று வேன் நிறையக் கிளம்புவோம்.

அங்கே 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலா வரி உண்டு. ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். கேட்கச் சின்னத் தொகைதான். நாலு அறை, ஐந்து இரவு என்று போட்டுப் பாருங்கள், 200 ரிங்கிட். நம்ம காசுக்கு நாலாயிரம் ரூபாய் அளவில் வரும்.

பினாங்கில் நாங்கள் தங்கிய ஓட்டலில் சாவி கொடுக்கும் முன் இதைக் கேட்டார்கள். வாடகை முழுவதையும் ஊரிலிருந்தே கட்டியாகிவிட்டது. முன்பதிவுத் தளத்தில் ‘மொத்தம்’ என்று கொட்டை எழுத்தில் காட்டிய தொகையில் இந்த வரி இல்லை. கீழே பொடி எழுத்தில், ‘சில கட்டணங்கள் நேரில் வசூலிக்கப்படலாம்’ என்று மட்டும் ஒரு வாக்கியம். நடுராத்திரி, பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள், அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சட்டம் பேசுவது? இத்தனைக்கும் கூட வந்த மச்சானுக்கு மலேசியக் குடியுரிமை, அவர் அறைக்கு மட்டும் வரி கிடையாது. அவர் சிரித்த சிரிப்புக்குத் தனியாக ஒரு வரி போட்டிருக்கலாம்.

சரி, வெளியூர்க்காரரிடம் வாங்குவதே அநியாயமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்க்க நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. (இலங்கை போன்ற தெற்காசிய நாட்டவருக்கு மட்டும் நம்ம கட்டணம்தான்.) நாமும் வாங்குகிறோம். ஆனால் அந்தத் தொகை டிக்கெட் கவுன்டரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறது. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வருகிறவர்கள் போர்டில் போட்ட கட்டணத்தை முணுமுணுக்காமல் கட்டுவார்கள். அதே ஆட்களிடம் வண்டி நிறுத்துமிடத்தில் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டால் சண்டைதான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த நாடு பூட்டான். ஆளுக்கு, ஓர் இரவுக்கு மற்ற வெளிநாட்டவரிடம் 100 டாலர், இந்தியரிடம் 1,200 ரூபாய். மலேசிய வரியைவிட எவ்வளவோ பெரிய தொகை, ஆனாலும் கிளம்பும் முன்பே தெரியும். கட்டுப்படியாகாதவர் வீட்டிலேயே முடிவெடுத்துக்கொள்ளலாம். பாலியும் 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு 1,50,000 ரூப்பியா வாங்குகிறது, ஆன்லைனில் முன்கூட்டியே கட்டிவிடலாம். துபாயில் ஓட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து அறைக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம். சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிற நம்ம ஆட்கள் பலர் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதால் இது கண்ணில் படுவதே இல்லை.

சிங்கப்பூரில் மெனு கார்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் பில் 120ஐத் தொட்டு நிற்கும்.

நான் இப்போது அறை போடும் முன் ஓட்டலுக்கே ஒரு மெயில் தட்டுகிறேன்: நேரில் வந்து என்னென்ன கட்ட வேண்டும், அது அறைக்கா ஆளுக்கா, முன்பணம் எவ்வளவு பிடித்துவைப்பீர்கள், எப்போது திரும்பும்? பதிலை போனில் வைத்துக்கொண்டால் கவுன்டரில் பேச்சு சுருக்கமாக முடியும். அப்புறம், கார்டு மெஷின் ரூபாயா உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தொடுங்கள். ரூபாய் என்று தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது பெரும்பாலும் நம்ம பேங்க் போடுவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.