முக்கில் திரும்பிவிட்ட வைத்தியர்

ஐயா, வணக்கம்.

நான் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. போன மாதம் ‘ஃபாரோ: எ நியூ எரா’ விளையாட்டைத் தள்ளுபடியில் வாங்கினேன். பண்டைய எகிப்தில், நைல் கரையில் ஊர் கட்டிப் பிரமிடு எழுப்ப வேண்டும். வாங்கும் முன் ஆடியவர்கள் எழுதிய கருத்துகளை வரிசையாகப் படித்தேன். குழப்பம்தான் மிச்சம். 1999இல் வந்த மூல விளையாட்டின் ஆன்மா அப்படியே இருக்கிறது என்கிறார் ஒருவர். போர்ப் பகுதியைக் கெடுத்துவிட்டார்கள், காசு வீண் என்கிறார் இன்னொருவர். வைத்தியரும் பூசாரியும் தெருமுனைக்கு வந்ததும் மனம்போன பக்கம் திரும்புகிறார்களே, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கோளாறைச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்கிறார் மற்றொருவர். எனக்கும் அதே கோபம். என் ஊரில் வைத்தியசாலைக்கு மூன்றாவது வீட்டில் நோய்! இவர்களில் யாரை நம்புவது?

இன்னொரு கேள்வி. கீழடி இருக்கிறது, பாண்டியர் மதுரை இருக்கிறது. நம் ஊரை வைத்து ஏன் இப்படி ஒரு விளையாட்டு வரவில்லை? “இத்தனை வீடு கட்டுகிறாயே, வாடகை வருமா?” என்று கேட்கிறார் அப்பா. அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பழையது, புதியது இரண்டில் எதை அவனுக்குக் கொடுக்கலாம்?

செ., மதுரை

அன்புள்ள செ.,

வைத்தியர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கோபத்தில் பாதி அவர்மீதுதான்.

மூன்றாவது வீட்டில் நோய் வந்ததற்கு எந்தக் கோளாறும் காரணமில்லை, விதியே அப்படித்தான். ‘இம்ப்ரெஷன்ஸ்’ நிறுவனம் 1998இல் ‘சீசர் 3’ விளையாட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே, நீங்கள் ஆடுவதற்கு மூலமான ‘ஃபாரோ’ வந்தது. ஒன்று ரோமாபுரி, மற்றது எகிப்து என்றாலும் உள்ளே ஓடும் எந்திரம், அதாவது விதிகளை இயக்கும் நிரல், ஒன்றுதான். சேவைக் கட்டடம் ஒவ்வொன்றும் தெருவில் ஓர் ஆளை இறக்கிவிடும். ஆடுகிறவர்கள் அவரை ‘வாக்கர்’ என்பார்கள். அவர் கடந்துபோகும் வீடுகளுக்குத்தான் சேவை. முக்கு வந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புவார். இவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கு உண்டு, அது முடிந்ததும் சுருக்கு வழியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார். நீங்கள் வைத்தியசாலையை மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் வைத்திருப்பீர்கள். நம் ஊரில் எவரும் கடை வைக்க ஆசைப்படும் இடம் அது. வைத்தியர் அடுத்தடுத்துக் கிழக்கே போயிருப்பார், மேற்கே காய்ச்சல் வந்திருக்கும்.

அதோடு முடிவதும் இல்லை. சேவை வராத வீடு ஒரு படி இறங்கும். இறங்கிய வீட்டில் இடம் குறையும், சிலர் ஊரைவிட்டுப் போவார்கள், செங்கல் அறுக்கும் இடத்தில் ஆள் போதாது, பிரமிடு பாதியில் நிற்கும். எவனோ ஒருவன் ஒரு முக்கில் வலப்பக்கம் திரும்பியதற்கு அரசனின் கல்லறை தாமதமாகிறது. இப்படி ஒரு விதியை யோசித்தவருக்கு நான் கைதட்டுவேன். நகரம் கட்டும் எத்தனையோ விளையாட்டுகளில் மருத்துவமனையை வைத்ததும் சுற்றிலும் ஒரு வட்டம் பச்சையாகிறது, வட்டத்துக்குள் எல்லோருக்கும் சுகம். அங்கே நகரம் என்பது வெறும் வண்ணம் பூசிய காகிதம். இங்கே தெரு என்று ஒன்று இருக்கிறது, அதில் யாரோ நடக்கிறார்கள்.

‘சீசர் 3’ கிடைத்தால் ஓர் ஐந்து நிமிடம் ஒன்றும் கட்டாமல் அங்காடிப் பெண்ணை மட்டும் கவனியுங்கள். கூடையோடு கிட்டங்கிக்குப் போவாள். திரும்பும்போது அவளுக்குப் பின்னால் சிறுவர்கள் ஆளுக்கொரு கூடை தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். அவள் கொண்டுவந்து சேர்த்ததை வீடு வீடாகக் கொடுக்க இன்னொருத்தி தெருவில் இறங்க வேண்டும். இவர்களில் ஒருத்திக்கு வழி தூரமாகிவிட்டாலும் தீர்ந்தது. கஜானாவில் காசு இருக்கும், கிட்டங்கியில் கோதுமை குவிந்திருக்கும், இரண்டு தெரு தள்ளி ஊர் பட்டினி கிடக்கும்.

இதற்கு ஆடுகிறவர்கள் கண்ட மருந்து, கிளை பிரியும் முக்கே இல்லாத தெரு. நீள்சதுரமாக ஒரு வளையம், இரு புறமும் வீடுகள், இடையிடையே சேவைக் கட்டடங்கள். திரும்ப வழி இல்லாதவர் சுற்றித்தானே வர வேண்டும்? ‘ஃபாரோ’வில் ‘ரோடு பிளாக்’ என்ற தடுப்பும் உண்டு. சும்மா சுற்றுகிறவரை அது தடுக்கும், காரியமாகப் போகிறவரை விட்டுவிடும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் நோயும் வராது, தீயும் பிடிக்காது. ஆனால் அந்த ஊர்களின் படங்களைப் பாருங்கள். புறவழிச்சாலை ஓரத்தில் எல்லைக்கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு ‘நகர்’ என்று பெயர் வைத்த மனைப்பிரிவு போல, ஒரே கட்டத்தை அச்சடித்து அச்சடித்து வைத்திருப்பார்கள். மதிப்பெண் அள்ளும். குடியிருக்கத் தோன்றாது.

இதில் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சி. ‘சீசர் 3’ ஆர்வலர்கள் அதன் எந்திரத்தைத் தாங்களே திரும்ப எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘ஜூலியஸ்’ என்ற வடிவம் பழைய விதிகளை, அதன் முரண்டுகளோடு, அப்படியே காக்கிறது. அதிலிருந்து கிளைத்த ‘அகஸ்டஸ்’ விதிகளையே திருத்துகிறது. ‘சீசர் 3’ அறியாத ‘ரோடு பிளாக்’ அதில் வந்துவிட்டது. நீங்கள் படித்த அத்தனை கருத்துகளையும் விட இந்த இரண்டும் எனக்குப் பெரிய விமர்சனங்கள். பிடிக்கவில்லை என்றவர்கள் வேறொன்று செய்து காட்டினார்கள். பிடித்தது என்றவர்கள் உட்கார்ந்து பழையதைப் பிரதியெடுத்தார்கள்.

நீங்கள் மதுரைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம்முடைய நான்கு மாசி வீதிகளை அந்த வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நடுவில் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வாக்கருக்காகவே வரைந்த வளையங்கள் என்று தோன்றும். சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரும்போது எந்த முக்கிலும் அது மனம் மாறுவதில்லை, வடம் பிடித்தவர்கள் விடவும் மாட்டார்கள். ஆனால் இதே ஊரில்தான் எழுத்தாணிக்காரத் தெருவும் ஜடாமுனி கோயில் தெருவும் பத்துத்தூண் சந்தும் இருக்கின்றன. அங்கே உங்கள் வைத்தியரை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை ஜவுளிக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார். ஊர் நடப்பதும் அந்தச் சந்துகளால்தான்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரைப் பற்றிய குறை நியாயமானது. மூல விளையாட்டில் படையை நீங்களே நிறுத்தி நகர்த்தலாம். 2023இல் ‘ட்ரிஸ்கெல்’ நிறுவனத்தார் மறுபடி செய்தபோது அதைச் சுருக்கிவிட்டார்கள். சண்டைக்காக வாங்குகிறவர் ஏமாறுவார். நான் சண்டைக்காக அங்கே போகவில்லை, பழையதிலும் அது சுமார்தான். புதிய ஓவியங்கள் பொம்மைப்படம் போல இருக்கின்றன என்கிறவர்களில் பலர் பதினைந்து வயதில் மூல விளையாட்டை ஆடியவர்கள். அது சொந்த ஊர்ப் பாசம், அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. வீடுகள் மாளிகைகளாக உயர்ந்ததும் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், பட்டறைகள் காலியாகின்றன என்று சிலர் பொருமுகிறார்கள். இந்த விதி நம் ஊரில் யாருக்கும் புரியாமல் போகாது.

யாரை நம்புவது என்றீர்கள். எந்த ஊரைக் கட்டினேன், அங்கே எது போதாமல் போனது, என்ன செய்து பார்த்தேன் என்று எழுதுகிறவரை, அவர் திட்டினாலும் நம்புங்கள். ‘ஆன்மா இருக்கிறது’, ‘ஆன்மா போய்விட்டது’ என்கிறவர்களை, பாராட்டினாலும் கடந்துபோங்கள்.

இனி மதுரை. நைலை அழித்து வைகை என்று எழுதி, பிரமிடு இருந்த இடத்தில் கோபுரம் வைத்தால் நம் விளையாட்டு ஆகிவிடாது. நைல், விளையாட்டுக்காகவே பிறந்த ஆறு. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளம் வரும், வண்டலைப் போட்டுவிட்டு வடியும். ‘ஃபாரோ’வில் ஒசைரிஸ் தெய்வத்தைக் குளிரவைத்தால் வெள்ளம் தாராளமாக வரும். உழுகிற காலத்தில் குடியானவர்கள் வயலில் இருப்பார்கள், வெள்ளக் காலத்தில் அவர்களையே பிரமிடுக்கு அனுப்பலாம். மேலே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்க அந்த ஆறு இடம் கொடுக்கிறது.

வைகை அப்படியா? வருசநாட்டு மலையில் மழை பெய்தால் வரும், சில நாள் புரண்டு ஓடும், பிறகு மணல்தான். ஓடும்போது பிடித்துக் கண்மாயில் வைத்துக்கொண்டதுதான் விவசாயம். கண்மாய்களோ சங்கிலி. மேலே உள்ள ஊரின் கண்மாய் நிரம்பி, மிகுநீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊருக்குத் தண்ணீர். மேலே இருப்பவர்கள் கலுங்கில் பலகை போட்டு உயர்த்தினால் கீழே இருப்பவர்களின் வரத்துக்கால் காயும். உயர்த்தியதற்கு அவர்களின் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு வரும், நீர்ப்பிடிப்பை ஒட்டிப் பயிர் வைத்தவன் வயல் மூழ்கும் அல்லவா? இதை விளையாட்டாக்குகிறவர் ஆடுபவருக்கு ஒரே ஒரு கண்மாயை மட்டும் கொடுக்க வேண்டும். மேல் கண்மாய் இன்னோர் ஊர், கீழ் கண்மாய் இன்னோர் ஊர், அங்கே உங்கள் கை எட்டாது. ஊருக்கு ஒரு நீர்பாய்ச்சி இருப்பார். தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டு விடுகிறவர். பல ஊர்களில் சொந்த நிலம் இல்லாதவர். அவர் எந்த மடையில் நிற்கிறார் என்பதுதான் ஆட்டம்.

ராஜாவின் சொல் கேட்காத கூலிக்காரரும் நம்மிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். வைகை உடைத்துக்கொண்டு வருகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். குடியானவர்களைப் பிரமிடுக்கு அனுப்பும் ‘ஃபாரோ’வின் தொழிலாளர் முகாம் இதுவேதான். வந்திக்கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று ஒருவர் வருகிறார், தின்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், கரையிலேயே படுத்துத் தூங்கிவிடுகிறார். அவள் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. மன்னன் பிரம்பால் ஓங்கி அடித்தான். அடி அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது, அவன் முதுகு உட்பட. ஆவணி மூலத் திருவிழாவில் இதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டும் ஊருக்கு ‘வாக்கர் சொன்ன பேச்சு கேட்கவில்லை’ என்று கோபம் வரலாமா?

கீழடிக்கு வேறு சிக்கல். இந்த விளையாட்டுகளில் நினைவுச்சின்னம் எழுப்பினால் வெற்றி. கீழடியில் கிடைத்தவை செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், சுடுமண் குழாய்கள், நூல் நூற்கும் தக்களிகள், பகடைக்காய்கள், பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ போன்ற பெயர்கள். பிரமிடு எழுப்பிய அரசனை அங்கே தேட முடியாது; பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஆள் இருக்கிறார். அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்து, தக்களி சுற்றிக்கொண்டிருந்தால் போதும் என்று ஒரு வெற்றி விதியை யாராவது எழுதினால் நான் முதல் நாளே முழு விலைக்கு வாங்குவேன். இரவும் வேண்டும். ‘சீசர் 3’, மூல ‘ஃபாரோ’ இரண்டிலும் இரவே வருவதில்லை. மதுரைக்காஞ்சி இந்த ஊருக்கு நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக இரண்டு சந்தைகளைச் சொல்கிறது. பாதி வியாபாரம் இருட்டிய பிறகு நடக்கும் ஊரை எப்போதும் பட்டப்பகலாக வைத்துக் கட்ட முடியாது.

அப்பாவிடம் சொல்லுங்கள், வாடகை வராது, வரி வரும். வரி வசூலிப்பவரும் வாக்கர்தான். அவர் எட்டிப் பார்க்காத வீட்டிலிருந்து ஒரு காசும் பெயராது. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது புதிதில்லை.

அக்கா மகனுக்குப் புதியதையே கொடுங்கள். இன்றைய கணினிகளில் தொல்லை இல்லாமல் ஓடும், படங்களும் அவன் கண்ணுக்குப் பிடிக்கும். முதல் சில ஊர்கள் பாடம்போல ஒவ்வொன்றாகச் சொல்லித் தரும். ‘ரோடு பிளாக்’ ரகசியத்தை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். சந்தும் பொந்துமாகக் கட்டட்டும், நாலு குடிசை எரியட்டும், ஏன் எரிந்தது என்று அவனே வந்து கேட்கட்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வாங்கிக் கொடுப்பது உங்களுக்கு நல்லது. ‘இன்னும் ஒரே ஒரு அறுவடை’ என்று உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டுவது தெரியாது, அக்காவிடம் திட்டு வாங்கப்போவது நீங்கள்தான்.

அன்புடன்.