சமையலறை வாசலில் நிற்கிற சீஷி

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். வில்லிவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை 7 மணிக்கு வேத பாடக் குழு கூடுகிறது. ஒன்பது பேர் வருகிறோம். ஆறு மாதமாக சீஷத்துவம் (இயேசுவின் சீடராக வாழ்வது), தேவனுடைய ராஜ்யம் என்ற தலைப்பில் ஒரு பாடப் புத்தகம் வைத்துப் படிக்கிறோம். நடத்துகிற அங்கிள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அவரே பேசுகிறார். நாங்கள் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம்.

போன மாதம் லூக்கா 14:25-33 பாடம். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வருகிறான்; தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பையன், அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவன். “தகப்பனையும் தாயையும் வெறுக்கணும்னு இருக்கே அங்கிள், நான் என்ன செய்யணும்?” என்று கேட்டான். “வசனத்தைக் கேள்வி கேட்கக் கூடாது தம்பி” என்று சொல்லி அங்கிள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரமாக அவன் வரவில்லை. எனக்கும் மனம் விட்டுப்போய்விட்டது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவும் விசுவாசிதான். எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு சமையலறை வாசலில் நின்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இருக்கிற வாஞ்சைகூட எங்களுக்கு இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. நான் குழுவைத் தொடர்வதா, நிறுத்துவதா? அங்கிளிடம் எப்படிச் சொல்வது? பின்குறிப்பு: எந்த மொழிபெயர்ப்பை வைத்துப் படித்தால் நல்லது?

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அங்கிள்மேல் கோபம் வந்தது. இரண்டாவது முறை, நீங்கள் குறையாகச் சொல்லாத ஒரு வரியில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பி.

அவன் கேட்டது சரியான கேள்வி. “வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்” என்ற வசனத்தைக் கேட்டுவிட்டு ஒருவன் பதறாமல் கோடிட்ட இடத்தில் ‘தியாகம்’ என்று எழுதுகிறான் என்றால், அவன்தான் வசனத்தைக் கவனிக்கவில்லை. இரண்டு விருப்பங்களில் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளுவதை ‘வெறுத்தல்’ என்று சொல்வது வேதத்தின் பேச்சு வழக்கு. மத்தேயு 10:37இல் இதே போதனை “என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்” என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் பாதி பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு மாற்கு 7:9-13. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். ஆகவே நாசரேத்துக்குப் போகிற பணம் தொடர்ந்து போகட்டும். இதை நீங்களே அவனிடம் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிடுங்கள். “கூட்டத்துக்கு ஏன் வரலை” என்று ஆரம்பிக்காதீர்கள். “அந்த வசனம் எனக்கும் புரியலைப்பா, கேட்கத் தைரியம் இல்லாம உட்கார்ந்திருந்தேன்” என்று ஆரம்பியுங்கள். அது உண்மையும்கூட, இல்லையா?

இப்போது லூக்கா 14. உங்கள் புத்தகம் 25ஆம் வசனத்தில் பாடத்தைத் தொடங்கியிருக்கிறது. பல புத்தகங்கள் அப்படித்தான். சிலுவை, கோபுரம் கட்டுகிறவன், 10,000 பேரோடு 20,000 பேரை எதிர்க்கப் போகிற ராஜா என்று ‘சீஷத்துவம்’ அங்கேதான் பளிச்சென்று இருக்கிறது. ஒரு சாயங்காலம் அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள். இயேசு ஒரு பரிசேயத் தலைவன் (யூத மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த பிரிவைச் சேர்ந்தவன்) வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் முதன்மையான இடம் பார்த்து உட்காருவதைக் கவனிக்கிறார், அதைப் பற்றிப் பேசுகிறார். பிறகு 12ஆம் வசனத்தில், தம்மை அழைத்தவனைப் பார்த்துத் திரும்புகிறார். விருந்து வைத்தால் சிநேகிதரையும் சொந்தக்காரரையும் வசதியான அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடாதே, ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்கிறார். விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்? பந்தியில் இருந்த ஒருவர் நிலைமையைச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, “தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான்” என்கிறார். நம் கூட்டங்களில் தர்மசங்கடமான இடத்தில் யாராவது “ஆமென், அல்லேலூயா” என்று சொல்லி அடுத்ததற்கு நகர்த்துவார்களே, அதே தொனி எனக்குக் கேட்கிறது. இயேசு நகரவில்லை. வயல் வாங்கினவன், ஐந்து ஏர் மாடு வாங்கினவன், கல்யாணம் ஆனவன் எல்லாரும் சாக்குச் சொல்லி நின்றுவிட, தெருவிலிருந்து ஆட்கள் உள்ளே வந்து நிறைகிற விருந்தின் கதையைச் சொல்கிறார். அதை முடித்த கையோடுதான் 25ஆம் வசனம்.

சீஷனாக இருப்பதற்கு ஆகும் செலவை உட்கார்ந்து கணக்குப் பார் என்ற பேச்சுக்கு முன்னால், யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற பேச்சு ஓர் அரை அதிகாரத்துக்கு நடந்திருக்கிறது. ராஜ்யம் எப்படி இருக்கும் என்பதற்கு அங்கே சாப்பாட்டு மேஜைதான் படம்.

இனி அந்த வரி. “டீ கொடுத்துவிட்டு சமையலறை வாசலில் நின்று கடைசிவரை.” அங்கிள் ஒரு மணி நேரம் பேசுவதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை மணி நேரம் ஒருவர் நிற்பதை வாஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது உங்கள் வீடு. அங்கிளின் பேச்சு உங்கள் கையில் இல்லை, நாற்காலி உங்கள் கையில் இருக்கிறது. சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை எட்டரை மணிவரை அவர் நிற்பது ஜெப நேரமா, வேலை நேரமா? வேலை நேரமென்றால் அதற்குச் சம்பளம் உண்டா? ஜெப நேரமென்றால் டீ டம்ளரை யார் எடுக்கிறார்கள்?

உங்களைக் குத்த இதை எழுதவில்லை. எனக்கும் இதில் ஒரு கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன் அயனாவரத்தில் பெண்களுக்கு ஒரு வேத பாடம் நடத்தினேன். பள்ளி ஆசிரியை அல்லவா, கேள்வி கேட்டுவிட்டு பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பேன். பூ கட்டி விற்கிற ஓர் அம்மா நாலு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. மார்க்கெட்டில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். “அங்க பதில் சொல்லத் தெரியணும் டீச்சர், எனக்குக் கேட்கத்தான் தெரியும்” என்றார். அன்றைக்கு என் தயாரிப்புக் குறிப்பு பதினோரு பக்கம். அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டிவர என்னால் முடியவில்லை.

‘சீஷன்’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லுக்குக் கற்றுக்கொள்கிறவன் என்று பொருள். அதன் பெண்பால் புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அப்போஸ்தலர் 9:36, யோப்பா பட்டணத்துத் தபீத்தாள். நம் பழைய மொழிபெயர்ப்பு அவளை அழகாக ‘சீஷி’ என்கிறது. அவள் போதித்ததாக ஒரு வரியும் இல்லை. விதவைகளுக்கு அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளும் வஸ்திரங்களும் இருக்கின்றன. இயேசுவின் சீஷர்களான பேதுருவையும் யோவானையும் யூத ஆலோசனைச் சங்கத்தார் ‘படிப்பறியாதவர்கள்’ என்றே கண்டுகொண்டார்கள் (அப். 4:13). வெளிப்படுத்தின விசேஷம் 1:3இல் “வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்” என்று இருப்பதைக் கவனியுங்கள்: வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். வேதம் முதலில் போய்ச் சேர்ந்தது இப்படித்தான், காது வழியாக. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர் வேத பாடத்துக்குத் தகுதியில்லாதவர் என்ற எண்ணம் பாடப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்தது.

ஆனால் அடுத்த வெள்ளியே அவரைக் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைக்காதீர்கள். எல்லார் கண்ணும் அவர்மேல் இருக்கும், மறுவாரம் அவர் லீவு போட்டுவிடுவார். தனியாகக் கேளுங்கள். “அக்கா, வெள்ளிக்கிழமை ஆறு மணியோட உங்க வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போறதுன்னா போங்க, சம்பளத்துல ஒண்ணும் குறையாது. உட்கார்ந்து கேட்கணும்னா உட்காருங்க, டீ நான் பார்த்துக்குறேன்.” அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் மனம் நோகாதீர்கள், இத்தனை நாள் வாஞ்சை என்று நினைத்தது வேறு ஏதோவாக இருந்திருக்கலாம். இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் வேலையில் அலைந்தாள், தங்கை மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்டாள் என்ற கதையை யாராவது எடுப்பார்கள். மார்த்தாள் வேலைக்காரி இல்லை, அந்த வீட்டுக்காரி என்று லூக்கா 10:38 சொல்கிறது. அந்தக் கதையில் வேலையை விட்டுவிட்டு உட்காரச் சொல்லப்படுவது உங்கள் பாத்திரம்.

குழுவிலும் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிக்கலாம். நம் சபைகளில் வரன் பார்க்கும் விளம்பரத்தில் ‘சி.எஸ்.ஐ.’ (தென்னிந்தியத் திருச்சபை) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஜாதிப் பெயர் இன்றும் தயங்காமல் உட்காருகிறது. நாற்காலி மட்டும் சுலபமாக நகருமா? யாராவது வராமல் நின்றால், கோபுரத்தைக் கட்டி முடிக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பார்க்கச் சொல்கிற 28ஆம் வசனத்தின் செலவு அதுதான். கொளத்தூர், கொரட்டூர் பக்கம் மேல்மாடிக்குக் கம்பி விட்டு, பல வருஷமாகத் துருப்பிடித்து நிற்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வசனத்துக்கு நம் ஊரில் வேறு விளக்கம் தேவையில்லை.

அங்கிள் விஷயம் இதைவிட எளிது. அவர் கெட்டவர் இல்லை. தயாரித்து வருகிறவர், அமைதியைக் கண்டு பயப்படுகிறவர். கேள்விக்குப் பிறகு பத்து விநாடி யாரும் பேசாவிட்டால் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும், எனக்குத் தெரியும். கூட்டத்தில் சொல்லாதீர்கள், மற்றவர்கள் சார்பாகவும் பேசாதீர்கள். சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்காரரோடு போய்ப் பாருங்கள். “அங்கிள், லூக்கா 14ஐ முழுசா ஒரு தடவை படிக்கணும்னு ஆசை. அந்தக் காலத்து விருந்துல எப்படி உட்காருவாங்க, பரிசேயர்னா யாரு, இதை முதல் பத்து நிமிஷம் நீங்க சொல்லுங்க. அப்புறம் கேள்வி கேட்கிறதை ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துக்குறோம்” என்று கேளுங்கள். படித்தவருக்கு அவர் படிப்புக்கான இடம் வேண்டும். அது முழுக் கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பியைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவரே அவனுக்கு ஒரு போன் போட்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

பாடப் புத்தகத்தை ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். பகுதியை இரண்டு பேர், இரண்டு முறை, நிதானமாக வாசிக்கட்டும். “இதில் உங்களுக்கு உறுத்தின வார்த்தை எது?” என்ற ஒரு கேள்வி போதும். எட்டரைக்கு முடித்துவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். நிறுத்துவதா என்று கேட்டீர்கள்; இதையெல்லாம் ஒரு மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். இரண்டு மொழிபெயர்ப்புகளை வையுங்கள். நம் சபைகளில் வாசிக்கிற பழையதில் ‘தேவனுடைய ராஜ்யம்’. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘இறையாட்சி’. ராஜ்யம் என்றதும் நமக்கு எல்லை போட்ட ஒரு நாடு, செத்த பிறகு போய்ச் சேருகிற இடம் கண்முன் வருகிறது. மத்தேயு மட்டும் ‘பரலோக ராஜ்யம்’ என்று எழுதுவதும் அதற்குத் துணை போகிறது. யூத வழக்கப்படி தேவனுடைய பெயரைச் சொல்லத் தயங்கி அப்படி எழுதினார் என்பது பல அறிஞர்கள் தரும் விளக்கம். ஆட்சி என்றால் யாருடைய சொல் நடக்கிறது என்று கேட்கத் தோன்றும். பரமண்டல ஜெபத்திலும் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்றுதானே சொல்கிறோம், நாங்கள் அங்கே போவோமாக என்று இல்லையே. அதற்காகப் பழையதை விட்டுவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் வேப்பேரியில் இருந்துகொண்டு வேதத்தைத் தமிழாக்கினாரே ஃபெப்ரீசியஸ் ஐயர், புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிகூட இருக்கிறதே, அவர் காலத்துத் தமிழின் சாயல் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த ஓசைதான் ஜெபம். முதலில் பழையதை வாசியுங்கள், பிறகு புதியதை. எது புரிந்தது என்று கேட்கும்போது, அந்த அக்கா உட்கார்ந்திருந்தால், அவரிடமும் கேளுங்கள்.