வாசகர் கேள்வி – பதில்: சனலின் பெயரை நாணயமாக்கலாமா?

கேள்வி: எனது தம்பி படுவான்கரைப் பக்கத்துக் கூத்துகளையும் வயல் வேலைகளையும் வாவி மீன்பிடியையும் படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டு வருகிறார். வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களே அதிகம் பார்க்கிறார்கள். அண்மையில் வட்ஸ்அப்பில் தொடர்புகொண்ட ஒருவர், சனலின் பெயரில் கிரிப்டோ நாணயம் (இணையத்தில் மட்டும் கைமாறும் மின்னியல் நாணயம்) வெளியிட்டுத் தருவதாகவும், அதில் பத்து வீதம் தம்பிக்குரியது என்றும், ரசிகர்கள் வாங்க வாங்கப் பெறுமதி ஏறும் என்றும் சொல்கிறார். தம்பி கையொப்பமிட அவசரப்படுகிறார். இதில் இறங்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இறங்க வேண்டாம். வெறுமனே மறுத்தால் தம்பி கேட்கமாட்டார் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

நீளமான காணொளிகளில் வரும் விளம்பர வருமானத்தில் 55 வீதத்தை யூடியூப் சனல் உரிமையாளருக்குக் கொடுக்கிறது. இத்தகைய நாணயத்தை வாங்குபவருக்குப் பொதுவாக அந்த வருமானத்தில் ஒரு சதமும் கிடைப்பதில்லை. சனலில் பங்கோ, அதன் முடிவுகளில் வாக்கோ கிடைப்பதில்லை. நாளை வேறொருவர் இதைவிடக் கூடிய விலைக்கு வாங்குவார் என்பது மட்டுமே அவருடைய எதிர்பார்ப்பு. ஆகவே தம்பி எத்தனை நல்ல காணொளி எடுத்தாலும் நாணயத்தின் விலை அதனால் உயர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து, அந்தப் பத்து வீதத்தின் கணக்கு. கிரிப்டோ நாணயங்கள் புழங்கும் சொலானா போன்ற கணினி வலையமைப்பில் 100 கோடி நாணயங்களை உருவாக்கச் சில நிமிடங்களும் சிறு கட்டணமும் போதும். அவற்றில் ஒரு பகுதியை மட்டும், விலைபோகும் வேறொரு கிரிப்டோ நாணயத்துடன் சேர்த்துப் பொது இருப்பாக வைப்பார்கள். வாங்குபவர் எடுப்பதும் விற்பவர் பணம் பெறுவதும் அந்த இருப்பிலிருந்துதான். கடைசியாக ஒருவர் ஒரு நாணயத்தை 1 அமெரிக்க சதத்துக்கு வாங்கியிருந்தால், அதை 100 கோடியால் பெருக்கி, சந்தைப் பெறுமதி 1 கோடி டொலர் என்று திரையில் காட்டுவார்கள்; ஆனால் இருப்பில் உண்மையாகவே கிடப்பது 50,000 டொலராக இருக்கலாம். தம்பிக்குச் சொல்லப்படுவது திரையில் தெரியும் தொகையின் பத்து வீதம். அதைக் கையில் காசாகப் பார்க்க வேண்டுமானால் அவரும் அதே இருப்பில்தான் விற்க வேண்டும். அவர் விற்க விற்க விலை இறங்கும், அந்த இறக்கத்தைச் சுமப்பவர்கள் அவரை நம்பி வாங்கிய சொந்த ரசிகர்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகக் கசப்பாகப் படுவது இதுவே.

நடந்தவற்றையும் சொல்கிறேன். தெருப் பேட்டிக் காணொளி ஒன்றால் பிரபலமான அமெரிக்கப் பெண் ஹெய்லி வெல்ச்சின் பெயரோடு 2024 டிசம்பரில் வெளிவந்த நாணயம், ஏறத்தாழ 49 கோடி டொலர் சந்தைப் பெறுமதியைத் தொட்டு, சில மணித்தியாலங்களுக்குள் 90 வீதத்துக்கும் மேல் சரிந்தது. வாங்கியவர்கள் சிலர் அதை வெளியிட்டவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தனர். வழக்குத் தொடரப்பட்டபோது வெல்ச் அதில் பிரதிவாதியாகச் சேர்க்கப்படவில்லை என்றாலும், மக்கள் நினைவில் நின்றது அவருடைய முகம்தான். படைப்பாளிகளின் பெயரில் நாணயம் வெளியிட உதவிய ராலி என்ற தளம் 2023 ஜனவரியில் தன் வலையமைப்பை மூடியபோது, பயனாளர்களின் நாணயங்கள் உள்ளேயே சிக்கின.

நமது நாட்டு நிலையையும் தம்பி அறிந்திருக்க வேண்டும். கிரிப்டோ போன்ற மெய்நிகர் நாணயம் சட்டரீதியான நாணயமல்ல என்று இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வழங்கப்பட்ட பணிப்புரைகளின்படி, கடனட்டையாலோ பற்று அட்டையாலோ இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்பதையும் அவ்வங்கி அறிவித்துள்ளது. ஊரிலுள்ள ரசிகர் ஒருவர் வாங்க முனைந்தால் முன்பின் தெரியாத இடைத்தரகரிடம் காசைக் கொடுக்கும் நிலைக்கே தள்ளப்படுவார். இழந்தால், ஒழுங்குமுறை அமைப்பு எதனிடமும் முறையிட்டு ஈடு பெற அவருக்கு வழியிராது.

இன்னொன்று. அந்தச் சனலுக்குப் பெயர் தேடித் தந்தவர்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் கூத்தர்களும் மீனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் அப்பெயரை விற்பனைக்கு வைப்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து.

பெயரைச் சொத்தாக்க விரும்பினால் அதற்கு நேரான வழி உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் சனலின் பெயரையும் இலச்சினையையும் வியாபாரக் குறியாகப் பதியலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். அதன் பிறகு கல்முனையிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு கடை விளம்பரத்துக்கு அப்பெயரைக் கேட்டால், எழுத்தில் ஒப்பந்தம் செய்து கட்டணம் பெறலாம்.

கேள்வி: வெளிநாட்டுக் காணொளிப் படைப்பாளி ஒருவரின் நாணயத்தை வாங்கிப் பணத்தை இழந்துவிட்டேன். முற்பணம் கொடுத்தால் மீட்டுத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விலை சரிந்து போன பணம் வேறொருவர் கைக்கு மாறிவிட்டது; அதைத் திருப்பியெடுக்கும் தொழில்நுட்பம் அந்த நபரிடம் இல்லை. ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்து மறுபடியும் ஏமாற்றுவது இவர்களுடைய வழக்கம். உங்கள் கிரிப்டோ பணப்பையைத் திறக்கும் இரகசியச் சொற்றொடரை எவரிடமும் சொல்ல வேண்டாம். உரையாடல்களையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.