பெரிய மணற்குன்றில் முதல்முறை சறுக்கப் போகிறேன். பலகையில் நின்றுகொண்டு இறங்குவதா, படுத்துக்கொண்டா?

முதல் இரண்டு தடவையாவது படுத்துக்கொண்டு போங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஸ்கேட்போர்டு கொஞ்சம் ஓட்டியிருந்த தைரியத்தில் எடுத்த எடுப்பிலேயே நின்றுகொண்டு இறங்கினேன். பத்தடி போனதும் பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுகூடப் பல்லில் மணல் நறநறத்தது.

இதில் புதிதாக வருபவர்கள் வேகத்தை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நின்று போகிறவருக்கு முதலில் வரும் தொல்லை அதற்கு நேரெதிர்: பலகை நகராது. பனியைவிட மணலில் உராய்வு மிக அதிகம். அதனால்தான் இதற்கான பலகைகளில் அடிப்பக்கம் வழவழப்பான, கெட்டியான லாமினேட் ஒட்டியிருக்கும். அதன்மேல் மெழுகு தேய்க்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்னாலும். நான் அன்று சோம்பலில் விட்டது இதைத்தான். மணல் ஈரமாக இருந்தால் மெழுகும் காப்பாற்றாது.

உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தால் சுவர் மாதிரி செங்குத்தாகத் தெரியும். கண் ஏமாற்றுகிறது. உலர்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, தானாகவே சரிந்துவிடும். காற்று மறைவான பக்கத்தில்தான் அந்தச் சரிவு இருக்கும், சறுக்குவதும் அங்கேதான். சரி, கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். கல், புதர், ஆள் எதுவும் இல்லாத சமதளம் நீளமாக இருக்க வேண்டும்.

நமீபியாவில் ஸ்வாகோப்முண்ட் பக்கம் மெல்லிய ஹார்ட்போர்டு அட்டையில் குப்புறப் படுத்தே இறங்குகிறார்கள். முன் விளிம்பை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அது தாழ்ந்தால் மணலுக்குள் குத்திக்கொள்ளும். முழங்கை தரையில் உரசக்கூடாது. கால் நுனிதான் பிரேக், வாயை மூடிக்கொள்ளுங்கள். இப்படிப் போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம், ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம்.

அப்புறம் நின்று பாருங்கள். முழங்காலை மடக்கி, எடையைப் பின்காலில் போட்டு, நேராகக் கீழே விடுங்கள். திரும்புகிற வித்தையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், திரும்பினால் இருக்கிற வேகமும் போய்விடும். பயம் வந்தால் பின்பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்ற மட்டும் போகாதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஏறுவது. பெருவின் வாகாச்சினாவில் மணலில் ஓடுகிற பக்கி (buggy) வண்டியில் மேலே கொண்டுபோய் விடுவார்கள். மற்ற பல இடங்களில் பலகையைத் தூக்கிக்கொண்டு நடைதான்: இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். சரிவில் நேராக ஏறாமல் முகட்டு வழியாகப் போனால் மூச்சு வாங்குவது குறையும். காலையிலேயே போய்விடுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மணற்குன்றுகளில் கோடை மதியத்தில் மணல் 65 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கும், வெறுங்கால் தாங்காது.

அன்று எட்டு தடவை ஏறினேன். விழாமல் நின்றபடி அடிவரை வந்தது ஒரே ஒரு தடவை. கூட வந்தவர்கள் அந்த நேரம் பார்த்து ஷூவில் இருந்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.