'இன்கியூரியஸ்' என்ற சொல்லுக்கு 'ஆர்வமற்ற' என்று எழுதினால் போதுமா?

எதையும் அறிந்துகொள்ளும் ஆவல் இல்லாதவரைக் குறிக்கும் 'இன்கியூரியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஆர்வமற்ற' என்று தமிழில் எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். சிறுகதைகளை மொழிபெயர்த்துவரும் என் அனுபவத்தில், பல இடங்களில் அது போதுவதில்லை.

ஆர்வம் என்பதன் பொருட்பரப்பு பெரியது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் ஆர்வலர் என்பவர் அன்புடையவரே தவிர, செய்தி அறியத் துடிப்பவர் அல்லர். இன்றும் கிரிக்கெட் ஆர்வம், இசையார்வம் என்னும்போது ஈடுபாட்டையே சொல்கிறோம். எனவே 'ஆர்வமற்ற மாணவன்' என்றால், படிப்பில் மனம் ஒட்டாதவன் என்றே வாசகர் புரிந்துகொள்வார். பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, 'ஏன்' என்று மட்டும் ஒருநாளும் கேட்காத மாணவன் அதில் அடங்கமாட்டான். இவனைத்தான் ஆங்கிலச் சொல் சுட்டுகிறது. 'அறியும் ஆவல் அற்றவன்' என்பது இவனுக்குப் பொருந்தும். ஆவல் என்பது ஏக்கத்தையும் குறிக்குமாதலால் 'அறியும்' என்ற அடையை விட்டுவிடக் கூடாது.

லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை. அந்த வேரிலிருந்து வந்ததால் ஆங்கிலச் சொல்லும் முற்காலத்தில் கவனமின்மையைக் குறித்தது. பழைய நூலொன்றில் அப்பொருளில் வந்தால் 'அசிரத்தை' என்று தயங்காமல் எழுதலாம்.

இந்த ஆங்கிலச் சொல் பார்வையைப் பற்றி வரும்போதுதான் சிக்கல். ஊருக்குப் புதிதாக வந்தவனை ஒரு கணக்கர் அறியும் ஆவலின்றிப் பார்த்ததாக ஒரு கதையில் வந்தது. முதலில் 'அலட்சியமாகப் பார்த்தார்' என்று எழுதினேன். கணக்கர் திமிர் பிடித்தவராகிவிட்டார். 'பராமுகமாக' என்று மாற்றியபோது, பார்த்தவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'விட்டேற்றியாக' என்பதோ எதிலும் பற்றில்லாதவரைக் காட்டியது. அவருக்குத் தம் கணக்கில் பற்று நிறையவே உண்டு. கடைசியில் அடைமொழியையே கைவிட்டு, 'ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் மறுபடி பேரேட்டில் குனிந்துகொண்டார்' என்று எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியமா என்று பதிப்பாசிரியர் முணுமுணுத்தார், ஆனாலும் மாற்றவில்லை.